எக்ஸ்ஜி3: ரிசீவரின் உணர்திறனை வீட்டிலேயே அளக்க

எலெக்ராஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்ஜி3, ரேடியோ ரிசீவரைச் சோதிக்க, அளவு தெரிந்த சிக்னலைத் தரும் உள்ளங்கையளவுக் கருவி. 1.5 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரை -107, -73, -33, 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 எனக் கொண்ட டெசிபல் கணக்கு) என நான்கு அளவுகளில் சிக்னல் தருகிறது. ரிசீவரின் மீட்டர் சிக்னல் வலிமையை எஸ் படிகளில் காட்டும். சிற்றலையில் எஸ்9 என்பது -73 டிபிஎம், அதாவது 50 ஓமில் 50 மைக்ரோவோல்ட். ஒவ்வோர் எஸ் படிக்கும் 6 டெசிபல். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் பயன்படுத்தும் பழைய ரிசீவர் -73இல் எஸ்9ஐச் சரியாகக் காட்டியது. ஆனால் எஸ்3ஐச் சற்றே தாண்ட வேண்டிய -107இல் ஊசி அசையவே இல்லை. ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) ஆகிய நாம் ஒருவருக்கொருவர் தாராளமாக வழங்கும் சிக்னல் அறிக்கைகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

உணர்திறனை அளக்க இக்கருவி மட்டும் போதாது. -107 என்பது நல்ல ரிசீவருக்கு உரத்த சிக்னல் என்பதால், இடையில் சிக்னலைக் குறைக்கும் 30 டெசிபல் அட்டெனுவேட்டரை இணைத்து -137க்கு இறக்க வேண்டும். ஒலியளவைத் தானாகச் சீராக்கும் ஏஜிசியை நிறுத்தி, 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரை இட்டு, ஸ்பீக்கர் முனையில் ஆர்எம்எஸ் வோல்ட்மீட்டரை வைத்தேன். வெறும் இரைச்சலில் 100 மில்லிவோல்ட் காட்டிய மீட்டர், சிக்னல் வந்ததும் ஏறத்தாழ 141ஐத் தொட்டது. சிக்னலும் இரைச்சலும் சமம் எனக் காட்டும் அந்த 3 டெசிபல் உயர்வுதான், கண்டறியத்தக்க மிகக் குறைந்த சிக்னல் -137 என்பதற்குச் சான்று. டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்த செட் என்றால் மைக்கை முதலில் கழற்றி வைப்பது அவசியம், ஏனெனில் தவறி டிரான்ஸ்மிட் செய்தால் கருவி பழுதாகலாம். வெளிவருவது சதுர அலை என்பதால், 7.1இல் வைத்த சிக்னல் அதன் மும்மடங்கான 21.3 மெகாஹெர்ட்ஸிலும் கேட்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த எண் எங்கே பயன்படும் என்பதே முக்கியமான கேள்வி. வீடுகள் நெருங்கி நிற்கும், டர்பனின் சாட்ஸ்வர்த் போன்ற பகுதியில் 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை இணைத்தவுடன், மின்சாதனங்களின் இரைச்சலே எஸ்5 வரை ஏறிவிடுகிறது. மின்வெட்டு நேரங்களில் அது சட்டென்று தணிந்ததை இங்குள்ள ஹாம்கள் பலரும் கவனித்திருப்பார்கள். எஸ்5 என்றால் -97 டிபிஎம். இத்தனை இரைச்சலுக்கு அடியில் ரிசீவரின் உணர்திறனை இன்னும் 10 டெசிபல் கூட்டுவதால் ஒரு சொல்கூடக் கூடுதலாகக் கேட்காது. வெளியிரைச்சல் வெகுவாகக் குறையும் 50, 144 மெகாஹெர்ட்ஸில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு டெசிபலும் காதுக்குத் தெரியும்.

ஆகவே 7 மெகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுபவரிடம் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். பழைய ரிசீவர்களைப் பழுதுபார்ப்பவர்களும் 50, 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற விஎச்எஃப் அலைவரிசைகளின் ஆர்வலர்களும் தயங்காமல் வாங்கலாம், ஆனால் நல்ல அட்டெனுவேட்டருக்கான பணத்தையும் சேர்த்தே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.