மாமாவின் மாத்திரைக்குப் பதிலாக மூன்று டப்பா

கும்பகோணம் போய்வந்தேன். ஒரு மருந்துக்கடை விஷயம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

மாமாவுக்கு ஹெபடைடிஸ் பி, ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய். அந்த வைரஸை அடக்கிவைக்கத் தினமும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுபவர். நான் போய்ப் பார்த்தால் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். கடையில் ஸ்டாக் இல்லையாம், அதற்குப் பதிலாகக் கீழாநெல்லி கேப்சூல், மில்க் திசில் என்கிற மூலிகை, மஞ்சள் சத்து என்று மூன்று டப்பா கொடுத்து, "எல்லாம் இயற்கை, இனிமே அந்த மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கிறது!

நேரே கடைக்குப் போனேன். "லண்டன் பத்திரிகையிலேயே வந்திருக்கு சார்" என்றார் கடைக்காரர். வந்தது உண்மைதான். சென்னையில் தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியது. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59% பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதைக் காட்டும் புரதம் (ஆன்டிஜென்) காணாமல் போயிருந்தது. ஆனால் பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை, அதை யார் அவருக்குச் சொல்வது?

கீழாநெல்லி மேல் எனக்குக் கோபமில்லை. சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது பாட்டி விடியற்காலையில் அரைத்து மோரில் கலந்து கொடுத்த அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் அப்படிக் காமாலையாக வருகிற ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். பி அப்படி இல்லை, மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி ஈரலையே செயலிழக்க வைக்கலாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூலால் ஈரல் கெட்டவர்களும் இருக்கிறார்கள். சாப்பாட்டில் போடுகிற மஞ்சள் வேறு, இது வேறு. துணைக்கு ஏதாவது சாப்பிட வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு, மாத்திரையோடு சேர்த்து, அவ்வளவுதான்.

நான் இருக்கிற லண்டனிலும் மில்க் திசில் விற்கிறார்கள், ஆனால் பாரம்பரியப் பயன்பாட்டை மட்டும் வைத்து அனுமதித்தது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக அதை எடுத்துக் கொடுக்க எந்த பார்மசிஸ்டும் துணியமாட்டார்.

அப்புறம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அங்கிருந்த டாக்டர் அம்மா மாமாவை உட்காரவைத்து, திட்டாமல், எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். லண்டனில் இப்படி ஒரு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டெனோஃபோவிரும் கையோடு கிடைத்தது, மாமா அன்றிரவே ஆரம்பித்துவிட்டார்.

டப்பாக்களைக் கடைக்காரர் திருப்பி வாங்கவில்லை. பில் இல்லையாம்.