ஹரோவில் இத்தனை வருடம் இருந்த அனுபவம்: பிளானிங் கடிதத்தை லாச்சிக்குள் போடாதீர்கள்

லண்டனின் வடமேற்கிலுள்ள ஹரோவின் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, தரும் சேவைகளில் எது பிரயோசனமானது என்று புதிதாக வீடு வாங்கி வரும் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். குப்பை எடுப்பதையோ பூங்காக்களையோ நான் முதலில் சொல்வதில்லை. பிளானிங் பதிவேட்டைத்தான், அதாவது கட்டட அனுமதிக்கான விண்ணப்பங்களின் பதிவேட்டைத்தான், சொல்வேன். கவுன்சிலின் இணையத்தளத்தில் வீட்டு இலக்கத்தையும் தெருப்பெயரையும் கொடுத்தால், அந்த வீட்டில் முன்பு என்ன கட்டக் கேட்டார்கள், எதற்கு அனுமதி கிடைத்தது, எது ஏன் மறுக்கப்பட்டது என்பதைப் படங்களோடு வாசிக்கலாம். காசு இல்லை. வீடு பார்க்கப் போகுமுன் அந்த வீட்டை மட்டுமல்ல, இரண்டு பக்கத்து வீடுகளையும் தேடிப் பாருங்கள்.

நான் இருப்பது ஹரோவிலுள்ள றேனர்ஸ் லேன் பகுதியில். 1906இல் இங்கே வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ரயில் தரிப்பிடம்தான் திறந்தார்கள். பிறகு மெட்ரோபொலிட்டன் ரயில்வேயோடு சேர்ந்த நிலக் கம்பனி ரயில் பாதைக்கு வடக்கே ஹரோ கார்டன் வில்லேஜ் என்ற குடியிருப்பை உருவாக்கியது. தெற்கே ரி. எஃப். நாஷ் என்ற கட்டடக்காரர் விலை குறைந்த வீடுகளை வரிசை வரிசையாக எழுப்பினார். 1930இல் ஆண்டுக்கு 22,000 பேர் பயன்படுத்திய நிலையத்தை 1937இல் 40 இலட்சம் பேர் பயன்படுத்தினார்கள். இப்போதைய செங்கல் நிலையம் 1938இல் வந்தது. 1936இல் திறந்த குரோவனர் சினிமாவின் முகப்பில் யானைத் துதிக்கைபோல வளைந்து இறங்கும் கொன்கிறீற் இன்னும் நிற்கிறது. உள்ளே இப்போது சொராஸ்திரிய சமயத்தவர்களின் நிலையம். அந்தப் பக்கம் போனால் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், அவ்வளவு அழகு.

அந்தப் பத்து வருட அவசரத்தில் எழுந்த வீடுகளில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். பெரும்பாலும் இரட்டை வீடுகள்: நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒடுங்கிய குசினி, அதற்குப் பின்னால் நீளமான தோட்டம். அம்மா அப்பாவையும் கூட வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் குசினி எப்படிப் போதும்? எல்லோரும் பின்பக்கம் நீட்டப் பார்க்கிறார்கள். நீட்டும் ஒவ்வொரு மீற்றரும் அடுத்த வீட்டின் வெளிச்சத்தில் கைவைக்கிறது.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரட்டை வீட்டின் பின்பக்கம் ஒரு மாடி அளவில் 3 மீற்றர்வரை நீட்ட, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், முழு பிளானிங் அனுமதி தேவையில்லை. 3இலிருந்து 6 மீற்றர்வரை போவதென்றால் கவுன்சிலுக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். கவுன்சில் ஒட்டிய வீடுகளுக்குக் கடிதம் போட்டு, கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் கொடுக்கும். ஒட்டிய வீட்டார் யாரும் ஆட்சேபிக்காவிட்டால், அயலவருக்கு வரும் பாதிப்பைக் கவுன்சில் ஆராயவே ஆராயாது. இது இங்கிலாந்து முழுவதற்குமான சட்டம். 2013இல் தற்காலிகமாகக் கொண்டுவந்து 2019இல் நிரந்தரமாக்கினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா அப்படியொரு கடிதத்தைக் கொண்டுவந்து, "தம்பி, இதுக்கு நாங்கள் காசு கட்டவேணுமோ?" என்று கேட்டார். "இல்லை அம்மா, பக்கத்து வீட்டார் கட்டப்போற சுவரைப் பற்றி உங்களிட்டக் கேக்கினம்" என்றேன். படத்தைத் திறந்து பார்த்தோம். 6 மீற்றர் நீளச் சுவர், அவருடைய குசினி ஜன்னலை ஒட்டியபடி. காலையில் தேத்தண்ணி போடும்போது வெயில் விழுகிற ஒரே ஜன்னல் அது. சுவரின் நீளம், உயரம், ஜன்னலிலிருந்து உள்ள தூரம், எந்த நேர வெளிச்சம் மறையும் என்பதை அரைப் பக்கத்தில் எழுதினோம். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பிறகு நீளத்தைக் குறைத்துக் கட்டினார்கள். இன்றைக்கும் இரண்டு வீட்டாரும் நல்ல உறவுதான்.

எழுதும்போது கணக்கில் எடுக்கப்படுவதை மட்டும் எழுதுங்கள்: வெளிச்சம், உங்கள் அறைக்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல், கட்டடத்தின் பருமன். முழு விண்ணப்பம் என்றால் வாகனத் தரிப்பிடமும் சேரும். வீட்டு விலை விழும், தூரத்துக் காட்சி மறையும், அவர்கள் நல்ல ஆட்கள் இல்லை என்பதெல்லாம் எடுபடாது. பொதுச் சுவரில் கைவைக்கும் வேலைக்கு 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் சட்டம் தனியாக இருக்கிறது, அதில் கவுன்சில் தலையிடாது. கட்டுமானம் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் பில்டிங் கொன்ட்ரோலும் பிளானிங்கிலிருந்து வேறு. மூன்றையும் ஒன்றென்று நினைத்து கவுன்சிலைத் திட்டுபவர்கள் இங்கே நிறைய.

மற்றச் சேவைகளில் நூலகங்கள்தான் எனக்கு மனவருத்தம். 2015இல் றேனர்ஸ் லேன் உட்பட நான்கு நூலகங்களை மூடினார்கள். பிள்ளைகள் நடந்து போன இடம் அது. ஆனால் ஹெட்ஸ்டோன் மனை அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1310 அளவில் கட்டத் தொடங்கிய வீடு, சுற்றிவர அகழி, பக்கத்தில் 1506ஆம் ஆண்டின் பெரிய மரக் களஞ்சியம், அனுமதி இலவசம்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்குப் பெரிய குறை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கட்ட நினைத்தவர் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் பக்கத்து வீட்டாருக்கு அந்த உரிமை சட்டத்தில் இல்லை. அதனால் கடிதம் வந்த அன்றே கருத்துச் சொல்லவேண்டிய கடைசித் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் வயதானவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களுக்கும் அதே கடிதம் வந்திருக்கிறதா என்று கதவைத் தட்டிக் கேளுங்கள்.