எண் பொருந்திய ரைபிளா, ஜோடி சேர்த்ததா?

எங்கள் புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பிள்ளை, சித்தப்பா மகன், பிரான்சில் இரண்டு லீ-என்ஃபீல்டு நம்பர் 4 (டி), அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ஸ்நைப்பர் ரைபிள்களைப் பார்த்துவிட்டு, "எதை எடுக்கட்டும் அண்ணே?" என்று படம் அனுப்பினான்.

எண்:
முதலாவது: பின்கட்டையின் கழுத்தில் குத்திய எண்ணும் மேலே பொருத்திய நம்பர் 32 குறிபார்க்கும் தொலைநோக்கியின் எண்ணும் ஒன்றே. தொலைநோக்கித் தாங்கியில் ரைபிளின் எண்.
இரண்டாவது: தொலைநோக்கி வேறு. அதனாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. படைப் பட்டறையிலேயே மாற்றியதும் உண்டு. அப்படியானால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைக் குத்தியிருப்பார்கள். இதில் அந்தத் தடமே இல்லை.

முத்திரை:
முதலாவது: ஸ்நைப்பர் ரைபிள் என்பதற்கு இடப்பக்கம் குத்தும் 'டி' (T) மழுங்கிக் கறுத்திருக்கிறது. கட்டையின் அடியில், இவற்றை ஸ்நைப்பராக மாற்றிக் கொடுத்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் குறி 'எஸ்51'.
இரண்டாவது: 'டி'யின் விளிம்பு கூர், உள்ளே பளபளப்பு. பின்னாளில் குத்தியதோ என்று எனக்கு உறுத்துகிறது.

விலை: முதலாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சேகரிப்புக்கென்றால் காசு சேர்த்து முதலாவதையே வாங்கு தம்பி. சுட்டுப் பழக மட்டும் என்றால் இரண்டாவது போதும், சாதா ரைபிள் விலைக்குக் கேள். அப்புறம், ஊருக்குக் கொண்டுவரும் எண்ணமிருந்தால் இரண்டுமே வேண்டாம். இங்கே 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது.