கோத்தகிரியில் ஒரு கழிவுக் கணக்கு

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மூன்று வாரம் லீவு போட்டு கோத்தகிரி வந்தேன். அதில் இரண்டு முழு நாள் பேங்கிலேயே போயிற்று. இங்கே வேலை பார்த்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கை வெளிநாடு போன பின்னும் மாற்றாமல் வைத்திருந்தது என் தப்பு. என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர், ஆகிவிட்டால் அதை அவர்களுக்கான என்ஆர்ஓ ரூபாய்க் கணக்காக மாற்றியாக வேண்டும்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட், விசா நகல், லெஸ்டர் முகவரிச் சான்று எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். நெட்வொர்க்தான் மதியம்வரை வரவில்லை. அந்த இடைவெளியில் ஓர் அதிகாரி உள்ளே கூப்பிட்டு டீ வரவழைத்தார்.

"பணம் சும்மா கிடக்குதே சார், ஃபண்டுல போட்டுடலாமா?"

"கட்டணம் எவ்வளவு?"

"ஒண்ணும் கிடையாது சார், ஃப்ரீ."

அவர் சொன்னதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. மியூச்சுவல் ஃபண்டில் நுழைவுக் கட்டணத்தைப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2009 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டது. ஆனால் நீட்டிய படிவத்தில் ஃபண்டின் பெயரோடு 'ரெகுலர்' என்று இருந்தது. அப்படியென்றால் விற்பவரின் கமிஷன், ஃபண்ட் ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் செலவு விகிதத்துக்குள்ளேயே இருக்கும். நாள்தோறும் என்ஏவியில், அதாவது ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பில், கழிந்துவிடுவதால் தனியாக ரசீது எதுவும் வராது. அதே ஃபண்டின் 'டைரக்ட்' திட்டம் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கலாம், இடையில் கமிஷன் கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

இரவு வர்க்கியும் காபியுமாக அத்தையிடம் இதை விளக்கப் பார்த்தேன். அவருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. பாதியிலேயே கையமர்த்தினார். "மழைக்காலத்துல ஈர இலைன்னு தராசுலயே கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தானடா காசு குடுப்பான். அந்த மாதிரிதானே?" அதேதான். நான் அரை மணி நேரம் வீணாக்கியிருந்தேன்.

ரெகுலருக்கும் டைரக்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்வதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 20 ஆண்டில் ஏறக்குறைய 9.65 லட்சம் ஆகும். 11 சதவீதம் என்றால் 8.06 லட்சம். போட்ட முதலைவிடப் பெரிய தொகை கழிவிலேயே போகிறது!

லெஸ்டரில் எனக்கு விழுந்த அடி வேறு மாதிரி. முதன்முதலாக ஸ்டாக்ஸ் அண்ட் ஷேர்ஸ் ஐசா என்ற வரியில்லா முதலீட்டுக் கணக்கு தொடங்கி 2,000 பவுண்டு போட்ட தளத்தில் மாதம் 4 பவுண்டு நிலைக்கட்டணம். நாலு பவுண்டுதானே என்று இருந்துவிட்டேன். ஆண்டுக்கு 48 பவுண்டு, அதாவது 2.4 சதவீதம். 0.35 சதவீதம் வாங்கும் தளமாக இருந்தால் 7 பவுண்டோடு முடிந்திருக்கும். பெரும்பணம் வைத்திருப்பவருக்கு நிலைக்கட்டணம் லாபம், என்னைப் போல் ஆரம்பிப்பவருக்கு சதவீதக் கட்டணம்தான் லாபம்.

அத்தை மகன் செய்வது இன்னும் வேடிக்கை. புரோக்கரேஜ் பூஜ்யம் என்று ஆப் சொல்வதை நம்பி, பங்கை ஒன்றிரண்டாக விற்கிறான். விற்ற பங்கு டீமேட் கணக்கிலிருந்து வெளியேறும்போது பிடிக்கும் டிபி கட்டணம் ஒரு பங்கு விற்றாலும் நூறு விற்றாலும் ஒன்றுதான் என்பதை அவன் கவனிக்கவே இல்லை. ஸ்டேட்மென்ட்டைத் திறந்து காட்டினேன். முகம் தொங்கிப்போயிற்று.

மறுநாள் என்ஆர்ஓ வேலை முடிந்தது. அதிகாரியிடம் டைரக்ட் திட்டம் உண்டா என்று கேட்டேன். "அது நீங்களே ஆன்லைன்ல பண்ணிக்கணும் சார்" என்றார், கோபமில்லாமல்.

பணத்தை இன்னும் எதிலும் போடவில்லை. பிரிட்டனில் வரி கட்டுபவர்களுக்கு அந்நாட்டு வரித்துறைக்குத் தன் வருமானக் கணக்கைக் காட்டும் 'ரிப்போர்ட்டிங்' அந்தஸ்து இல்லாத வெளிநாட்டு ஃபண்டின் (இந்திய ஃபண்டும் அங்கே வெளிநாட்டு ஃபண்ட்தான்) லாபம், மூலதன ஆதாயமாக இல்லாமல் வருமானமாகவே கணக்காகும். கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை வரியில் விடுவதா என்று லெஸ்டர் போய் ஓர் ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். அவர் ஃபீஸ் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டார் அத்தை.