பிள்ளைகளோடு போக: வண்டலூரா, கிண்டியா?

நாலு வயசுப் பேத்தி, பத்து வயசுப் பேரன், முட்டிவலியோடு என் மனைவி. இந்த மூவரையும் கூட்டிக்கொண்டு ஒரு மாத இடைவெளியில் இரண்டு இடத்துக்கும் போய்வந்தேன்.

சென்னையை அடுத்த வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். 1855இல் மதராஸ் அருங்காட்சியகத்தில் தொடங்கி, பிறகு சென்ட்ரல் பக்கம் இருந்து, 1985இல் இங்கே வந்தது. புலிக்கும் நமக்கும் நடுவே அகழி. அந்தப் பக்கம் மரமும் புதருமாக இடம் விரிந்து கிடக்கிறது. விலங்குகளுக்கு இப்படித்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் நடை அதிகம். பேட்டரி வண்டிக்கு விடுமுறை நாளில் நல்ல கூட்டம். நாங்கள் புலியிடம் போய்ச் சேரும்போது உச்சிவெயில்; அது புதர் நிழலில் படுத்துவிட்டது. "எங்க தாத்தா, எங்க?" என்று பேத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். விரலை நீட்டி நீட்டிக் காட்டியும் கடைசிவரை அவள் கண்ணுக்குப் படவில்லை. பேரனோ சட்டென்று கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து நகர மறுத்தான்.

கிண்டியில் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பக்கத்துப் பக்கத்தில், தனித்தனி டிக்கெட். சிறுவர் பூங்காவை 2024இல் புதுப்பித்துத் திறந்தார்கள். பறவைகளும் மான்களும் பார்த்து நிதானமாகச் சுற்றிவரலாம், மனைவிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து நடக்க முடிந்தது. புலி, சிங்கம் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது.

எனக்குப் பெரிதாகத் தெரிந்தது பாம்புப் பண்ணைதான். பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் 1972இல் தொடங்கியது. முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. "யாரைக் கடிக்கப் போகுது?" என்று பேத்தி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "கடிக்க இல்ல பாப்பா, உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அப்படித் திறந்து வச்சிருக்கு" என்றார் அங்கிருந்த ஊழியர். அப்புறம் அவளே வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பேரனைக் கண்ணாடி விரியன் முன்னால் நிறுத்தினேன். கிராமத்தில் இதை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்து உயிரை விட்டவர்கள் உண்டு. விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வரிசையாக நீள்வட்டப் புள்ளிகள். மலைப்பாம்புக்கு ஒழுங்கில்லாத பெரிய பெரிய திட்டுகள். இரண்டையும் ஒரே நாளில் நேரில் பார்த்த பையன் இனி மறக்கமாட்டான். பாம்பு அசையவில்லை என்று சிலர் கண்ணாடியைத் தட்டியதுதான் வேதனை. அதற்கு வெளிக்காது இல்லையே தவிர, அதிர்வு நன்றாகவே உறைக்கும். பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஆக, ஐந்து வயசுக்குள் பிள்ளையோ நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோ இருந்தால் கிண்டி. எட்டு, பத்து வயசுப் பிள்ளைகள் என்றால் வண்டலூர். காலையில் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும், அரை நாள் போதாது. செவ்வாய்க்கிழமை இரண்டு இடத்துக்கும் விடுமுறை. காணும் பொங்கலன்று இரண்டுமே வேண்டாம்; தலைகளைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அடுத்த மாதம் பேரனை மட்டும் மின்ரயிலில் வண்டலூருக்குக் கூட்டிப் போகிறேன். பேத்தி மறுபடியும் முதலையைத்தான் கேட்கிறாள்.