பெட்டி நல்ல பெட்டிதான், ஏறத்தான் வழியில்லை

ஒன்றரை வருடமாக ஒரு பிவிசி பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நாலடி நீளம், இரண்டடி ஆழம், நாலடி உயரம். பலகை பலகையாகப் பிரித்து அனுப்புவார்கள், வீட்டில் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். "மரமேறும் பாம்புகளுக்கென்றே வடிவமைத்தது" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். செய்தவர் யார் என்று இங்கே எழுதவில்லை. இதே ரகத்தில் வேறு இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அவற்றிலும் கிட்டத்தட்ட இதே குறைகள்தான். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. அந்த மூன்றரையும் பெட்டிக்குத்தான், அதோடு வந்த மற்ற சாமான்களுக்கு இல்லை.

உள்ளே இருப்பவன் பெயர் கொடி, மனைவி வைத்த பெயர். ஜங்கிள் கார்ப்பெட் மலைப்பாம்பு, ஆண், நாலு வயது, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மழைக்காட்டுப் பக்கத்து இனம், கறுப்பும் மஞ்சளுமாக இருப்பான். பச்சை மர மலைப்பாம்பு மாதிரி நாள் முழுக்கக் கிளையிலேயே கிடக்கிற ஜாதி இல்லை, தரைக்கும் வருவான். ஆனால் ஏறுவதற்கு ஏதாவது இருந்துவிட்டால் தூக்கம் மேலேதான்.

முன்பு இருந்தது கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை. குட்டியாக இருந்தபோது எப்படியோ சமாளித்தேன், வளர வளர அதில் சூடும் நிற்கவில்லை, ஈரமும் நிற்கவில்லை. காலையில் தண்ணீர் தெளித்தால் மதியத்துக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சட்டை உரிப்பது துண்டு துண்டாகத்தான் நடக்கும், வால் நுனியில் ஒரு வளையம், கண் மேல் ஒட்டிக்கொண்ட ஒரு செதில் என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது மிச்சம் இருக்கும், அதை ஊறவைத்து எடுப்பதற்குள் அவனுக்கும் எரிச்சல், எனக்கும் எரிச்சல். பிவிசிக்கு மாறிய பிறகு உரித்த முதல் சட்டை மூக்கிலிருந்து வால் வரை ஒரே உறையாக, காலுறையைத் திருப்பிக் கழற்றிப் போட்டது போல, மேல் கொம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இரண்டு கண் செதிலும் முழுசாக வந்திருந்தன. அன்றைக்கே இந்தப் பெட்டிக்கு இரண்டு மார்க் போட்டுவிட்டேன். இப்போது ஈரப்பதம் 50, 60 என்று தானாகவே நிற்கிறது, சட்டை உரிக்கும் சமயத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டுகிறேன்.

பூட்டுவதற்கு இரண்டு பேரும் ஒரு மாலை நேரமும் போதும். மூலைகளுக்குச் சிலிகான் அடைக்கச் சொல்கிறார்கள், ஆனால் எந்தச் சிலிகான் என்று சொல்வதில்லை. குளியலறைக்கு விற்கிற பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த ரகம் வேண்டாம், வெறும் சிலிகானாக வாங்குங்கள். பூசிய பின் காடி மாதிரி ஒரு புளித்த நெடி வரும், அது முழுசாகப் போகிற வரை பாம்பை உள்ளே விடக்கூடாது. நான் கதவைத் திறந்து வைத்து ஒரு வாரம் காத்திருந்தேன். இதைவிட மலிவாகப் பார்ட்டிகிள் போர்டில் செய்ததும் கிடைக்கிறது, அதன் பக்கம் போகாதீர்கள், விளிம்பில் தண்ணீர் இறங்கினால் ஊறி உப்பிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரமேறும் பாம்புக்கென்று விற்கிற பெட்டியில் ஏறுவதற்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? வளைத்து விடக்கூடிய இரண்டு பிளாஸ்டிக் கொடி, கண்ணாடியில் ஒட்டவைக்கிற நாலு ரப்பர் உறிஞ்சி, அதன் மேல் நிற்கிற ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான். ஈரம் ஏறிய பெட்டியில் ரப்பர் உறிஞ்சி எத்தனை நாள் பிடிக்கும்? மூன்றாவது வாரம், நடு இரவில், கூடத்திலிருந்து ஒரு சத்தம். நனைந்த துணி மூட்டையை மாடியிலிருந்து போட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு தொப். ஓடிப்போய் விளக்கைப் போட்டால் தட்டு தலைகீழாகக் கிடக்கிறது, தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்திருக்கிறது, கொடி ஒரு மூலையில் உடம்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு சீறுகிறான். அடி எதுவும் படவில்லை. ஆனால் அதற்கப்புறம் பத்து நாள் அவன் மேலே ஏறவே இல்லை.

அந்தப் பத்து நாளில்தான் ஒன்று புரிந்தது. இவர்கள் தரைப் பாம்புக்குச் செய்கிற பெட்டியையே இரண்டு மடங்கு உயரமாக்கி விற்கிறார்கள். உயரத்தைக் கொடுத்துவிட்டால் போதும், பாம்பு எப்படியாவது ஏறிக்கொள்ளும் என்று நினைப்பு. மலைப்பாம்புக்கு ஏறுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஏறிய பிறகு படுப்பதற்கு இடம் வேண்டும். மடிப்பு மடிப்பாக உடம்பைக் கொம்பின் மேல் போட்டு, நடுவில் தலையை வைத்து, மணிக்கணக்காக அசையாமல் கிடக்கிற பிராணி அது. அதற்குக் கிடைமட்டமான கொம்பு வேண்டும், ஆடாத கொம்பு. பெட்டியின் நடுவில் சாய்வாக ஒரு கிளையைச் செருகி வைத்தால் படம் எடுக்க அழகாக இருக்கும், பாம்பு அதை ஏணியாகத்தான் பயன்படுத்தும்.

கொடுத்ததை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு நானே செய்தேன். உடம்பின் தடித்த பகுதி எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அளவில் இரண்டு கட்டைகள், அதைவிட மெல்லியது ஒன்று, கொஞ்சம் பருத்த இயற்கைக் கிளை ஒன்று. எல்லாம் ஒரே தடிமனாக வேண்டாம், மாறி மாறிப் பிடிப்பது அதன் தசைக்கு நல்லது. தேவதாரு ரக வாசனை மரங்களைத் தவிர்த்தேன், அந்த நெடி பாம்புக்கு ஆகாது. கட்டைகளைச் சுவரில் நிரந்தரமாக அடிக்காமல், இரண்டு பக்கமும் பாதி வட்டமாக வெட்டிய தாங்கிகள் வைத்து, மேலிருந்து இறக்கி உட்காரவைப்பது போல அமைத்தேன். பாம்பு சுற்றிக்கொண்டு இறங்க மறுத்தால் கட்டையோடு சேர்த்து அப்படியே வெளியே தூக்கிவிடலாம். பச்சை மர மலைப்பாம்பு வளர்ப்பவர்கள் ரொம்ப நாளாகச் செய்கிற வேலை இது, கார்ப்பெட்டுக்கும் நன்றாகவே ஒத்துப்போகிறது. மேல் மூலையில் ஒரு அகலமான பலகையும், அதன் மேல் அவன் ஒளிந்துகொள்ள ஒரு பக்கம் திறந்த ஒளிவிடமும். தரையில் மட்டும் ஒளிவிடம் வைத்தால் அவன் சூடா, மறைவா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

தாங்கிகளைப் பொருத்தும்போது ஒரு எச்சரிக்கை. நுரை பிவிசி பலகையில் வெறும் ஸ்குரூ நிற்காது, பாரம் ஏறினால் மரை கழன்று வந்துவிடும். பலகையை ஊடுருவி போல்ட் போட்டு, வெளிப்பக்கம் அகலமான வாஷர் கொடுத்து நட்டு முடுக்குங்கள். முடித்ததும் கட்டையைப் பிடித்து என் பாரத்தில் பாதியைக் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன், மனைவி சிரித்தாள், கட்டை அசையவில்லை.

இதையெல்லாம் முடித்த பிறகும் கொடி மேலே போகவில்லை என்பதுதான் வேடிக்கை. நாள் முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே கிடந்தான். விழுந்த பயம் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஒரு நாள் சும்மா டெம்பரேச்சர் கன்னை எடுத்து மேல் கொம்பை நோக்கிப் பிடித்தால் 41 டிகிரி! காரணம் பெட்டியோடு வந்த விளக்கத் தாள். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டின் சென்சாரைப் பின் சுவரில் தரையோரம் பொருத்தச் சொல்லியிருந்தார்கள், நானும் சொன்னதைச் செய்தேன். சூடு தரும் பேனலோ கூரையில். சூடான காற்று மேலேயே தங்கும் என்பதால் தரை நான் வைத்த 31 டிகிரியைத் தொடவே தொடாது, தொடாததால் பேனல் அணையாது, மேலே வேகும். தாழ்வான பெட்டிக்கு எழுதிய தாளையே இதற்கும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவன் பயந்து ஒன்றும் கிடக்கவில்லை, வெந்து போகாமல் இருக்க வழி தேடியிருக்கிறான்.

இப்போது சென்சார் மேல் கொம்பில், அவன் படுக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. 32 டிகிரிக்கு வைத்திருக்கிறேன். நடுவில் 27, 28, தரையில் 24, 25. எந்தச் சூடு வேண்டுமோ அந்தத் தளத்துக்கு அவனே ஏறி இறங்கிக்கொள்கிறான், உயரமான பெட்டியின் லாபமே அதுதான். கூடவே வந்த தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிட்டேன். அது முழுசாகப் போட்டு முழுசாக அணைக்கிற ரகம், மூன்று டிகிரி ஏறும், மூன்று டிகிரி இறங்கும். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கிற ரகம் வாங்குங்கள். பேனலுக்குப் பதில், வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தருகிற செராமிக் பல்பு மாட்டுவதானால் கம்பிக் கூடு இல்லாமல் மாட்டவே கூடாது. ஏறுகிற பாம்பு எதையும் சுற்றும், சூடான பல்பைச் சுற்றிக்கொண்டு தோல் வெந்த பிறகும் விலகாமல் கிடக்கும்.

காற்றோட்டத் துளைகள் இரண்டு பக்கமும் மேலேதான் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கீழே, மறுபக்கம் மேலே என்று இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். கீழே ஒரு வரிசை நானே டிரில் செய்தேன், மேலே பாதியை அடைத்தேன். அடைத்தது வெளிப்பக்கமிருந்து. உள்ளே எந்த ஒட்டு டேப்பும் கூடாது, ஒரு ஓரம் பிரிந்தால் போதும், பாம்பின் மேல் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் செதிலோடு வரும்.

கதவு நன்றாக இருக்கிறது, தடித்த கண்ணாடி, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் இரண்டு கண்ணாடியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் என் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு இடைவெளி. கொடியின் தலைக்கு அது போதாது. குட்டிப் பாம்பாக இருந்தால் அன்றைக்கு ராத்திரியே சோபாவுக்குள் தேட வேண்டியதுதான். பூட்டும் தரவில்லை, ஷோகேஸுக்குப் போடுகிற பற்பூட்டு ஒன்று தனியாக வாங்கிப் போட்டேன். பாம்பு மூக்கால் கண்ணாடியைத் தள்ளக் கற்றுக்கொள்ளும், கற்றுக்கொண்டால் மறக்காது. கீழ்த் தடுப்புப் பலகை மூன்று அங்குலம்தான், தேங்காய் மட்டைத் தூள் நிரப்பினால் கதவு ஓடும் பள்ளத்தில் கொட்டி வாரத்துக்கு ஒருமுறை கதவு சிக்கும். ஆறு அங்குலமாவது இருக்க வேண்டும்.

சுத்தம் செய்வது சுலபம், பிவிசி துடைத்தால் போய்விடும். துடைக்க வேண்டிய பரப்பு மட்டும் அதிகம். மேல் கொம்பில் படுத்திருக்கும் மலைப்பாம்பு மூன்று வாரத்துச் சங்கதியை நாலடி உயரத்திலிருந்து இறக்கினால் பின் சுவர் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

பெட்டியை இரண்டடி ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு அவன் இன்னும் அமைதியாகிவிட்டான், நான் மேலிருந்து குனிந்து பார்ப்பது நின்றதாலோ என்னவோ. இரை கொடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். இருட்டியதும் வாலால் கொம்பைப் பிடித்துக்கொண்டு கழுத்தை எஸ் வடிவில் மடக்கித் தலையைக் கீழே தொங்கவிட்டுக் காத்திருப்பான். உதட்டுக் குழிகளால் சூட்டை உணர்கிற பாம்புக்கு எலியும் ஒன்றுதான், கதவைத் திறக்கிற கையும் ஒன்றுதான், தலை இருக்கும் உயரமோ நம் முகத்துக்கு நேரே. நீளமான இடுக்கி வைத்திருங்கள், திறக்கும் முன் அவன் எங்கே இருக்கிறான் என்று பார்த்துவிட்டுத் திறங்கள்.

பெரிய கார்ப்பெட் வைத்திருப்பவர், டிரில் பிடிக்கத் தயங்காதவர் என்றால் தாராளமாக வாங்கலாம். குட்டிக்கு வேண்டாம், அந்த இடைவெளிக்காகவே வேண்டாம். பால் பைத்தான் (பந்து போலச் சுருண்டுகொள்கிற மலைப்பாம்பு) மாதிரி பெரும்பாலும் தரையிலேயே இருக்கிற ஜாதிக்கு உயரத்தைவிட நீளத்துக்குச் செலவழியுங்கள்.

இன்னும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. பேனலின் பாரத்துக்கும் சூட்டுக்கும் கூரைப் பலகை நடுவில் விரற்கடை அளவு தொய்ந்திருக்கிறது. புகார் எழுதினேன், மறுப்பு சொல்லாமல் ஒரு அலுமினியச் சட்டம் அனுப்பிவைத்தார்கள். அதை மாட்டப் பேனலைக் கழற்ற வேண்டும், பேனலுக்கு நேர் கீழே கொடி படுத்திருக்கிறான், நேற்றுத்தான் சாப்பிட்டிருக்கிறான். சட்டம் இன்னும் பெட்டி மேலேயே கிடக்கிறது.