பெடல் ஸ்டீல் கிடாருக்கு ஒரு பீன்யா லேத் பட்டறை

பெங்களூரில் பெடல் ஸ்டீல் கிடாரை ரிப்பேருக்கு யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், கிடார் கடைப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். நல்ல கடைகள் இருக்கின்றன. ஃப்ரெட் மாற்றுவார்கள், பிக்கப் மாற்றுவார்கள், நட் செதுக்கித் தருவார்கள். ஆனால் இந்த வாத்தியத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டியதும் கையை எடுத்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது ராட், ஷாஃப்ட், கிராங்க், ஸ்பிரிங். அது லேத் ஓட்டுகிறவருக்குத்தான் விளங்கும்.

நான் கொடுத்தது பீன்யா தொழிற்பேட்டை இரண்டாம் ஸ்டேஜில், போர்டு கூட இல்லாத ஒரு பட்டறையில். ஒரு லேத், ஒரு பழைய மில்லிங் மெஷின், டிரில்லிங், பஃபிங் மோட்டார், வேலைக்கு இரண்டு பையன்கள். ஓனர் தருமபுரிக்காரர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

வாத்தியம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். நான்கு கால்களில் நிற்கும் நீளப் பலகை, அதில் பத்துத் தந்தி. ஹவாயன் கிடாரில் செய்வதைப் போல இடது கையில் ஸ்டீல் பாரைப் பிடித்துத் தந்திகள் மேல் வழுக்க வேண்டும், வலது கையில் பிக் மாட்டி மீட்ட வேண்டும். பலகைக்குக் கீழே இடது காலுக்கு மூன்று பெடல். முழங்கால்களின் இரு பக்கமும் லீவர்கள். வலது கால் வால்யூம் பெடலில் இருக்கும். பாரை நகர்த்தினால் பத்துத் தந்தியின் சுருதியும் சேர்ந்து நகரும். பெடலை மிதித்தால் ஒன்றிரண்டு தந்தி மட்டும் ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். ஒரு கார்டுக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் அழுதுகொண்டே ஏறுகிற அந்தச் சத்தம் இப்படித்தான் வருகிறது. 1954-ல் பட் ஐசக்ஸ் ஒரு நாஷ்வில் பாட்டில் அதை வாசித்துக் காட்ட, அமெரிக்க கன்ட்ரி இசை இந்த வாத்தியத்தைத் தன் சொத்தாகவே எடுத்துக்கொண்டது.

என்னுடையது பழைய மாணவர் மாடல். மூன்று பெடல், நான்கு லீவர். டல்லாஸில் இருக்கும் அத்தை மகன் செகண்ட் ஹேண்டில் வாங்கி, 23 கிலோ பெட்டிக் கணக்கில் எப்படியோ அடக்கிக் கொண்டுவந்தான். வந்து சேர்ந்தபோது ஒரு பெல் கிராங்க் உடைந்திருந்தது, இரண்டு புல் ராட் (இழுக்கும் கம்பி) வளைந்திருந்தன. பார் வரவே இல்லை. யார் மேல் பழி போட்டு என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

"இது என்ன மேடம், வீணையா தையல் மெஷினா?" என்றுதான் பட்டறை அண்ணன் முதலில் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். "மிதிங்க. விடுங்க. மறுபடி மிதிங்க. இப்ப முட்டிய இடது பக்கம் தள்ளுங்க." ஒரு டீ வந்து ஆறுவதற்குள் முழுக் கதையும் அவருக்குப் புரிந்துவிட்டது. பெடலிலிருந்து ஒரு தண்டு மேலே போய் குறுக்கு ஷாஃப்ட்டைத் திருப்புகிறது. ஷாஃப்ட்டில் மாட்டிய பெல் கிராங்க் ஒரு மெல்லிய ராடை இழுக்கிறது. அந்த ராட் வலது கோடியில் தந்தி வளைந்து இறங்கும் விரல் என்கிற பாகத்தை இழுக்க, தந்தி இறுகிச் சுருதி ஏறுகிறது. ராட் முனையில் இருக்கும் நைலான் ட்யூனரைத் திருகினால் எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

அவர் எழுந்து உட்கார்ந்து சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ராடு வளைஞ்சது பெரிய விஷயமில்லம்மா. எல்லா கிராங்க்லயும் ஆட்டம் இருக்கு." மேடம் அதற்குள் அம்மாவாகியிருந்தது. அவர் சொன்னது சரிதான். பெடலை மிதித்தால் முதல் கால் பங்கு தூரம் ஒன்றுமே நடக்காது, அப்புறம் திடீரென்று இழுக்கும். தேய்ந்த துளைகளைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் போட்டார். உடைந்த கிராங்க்கிற்குப் பதில் அலுமினியத்தில் புதிதாக ஒன்று மில்லிங் செய்து கொடுத்தார். ராட்களை நிமிர்த்தாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகவே போட்டார்.

மரை விஷயத்தில்தான் அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. கிராங்க்கை ஷாஃப்ட்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூக்கள் அமெரிக்க அங்குலக் கணக்கு, 10-32 மரை. விட்டம் 4.83 மில்லிமீட்டர், பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) 0.79. நம்மிடம் எங்கும் கிடைக்கும் எம்5-க்கு விட்டம் 5, பிட்ச் 0.8. பார்வைக்கு ஒன்றுதான். பலவந்தமாகத் திருகினால் ஏறியும் விடும், ஆனால் அலுமினிய மரை அதோடு போச்சு. முன்பு காட்டிய ஓர் இடத்தில் "எம்5 போட்டு ஏத்திடலாம்" என்றார்கள். இவர் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு எஸ்.பி. ரோட்டுக்குப் பையனை அனுப்பினார். அங்குல மரை வெட்டும் டேப் (tap) வந்தது. அதன் விலையை என் கணக்கில் சேர்த்தார், வேலை முடிந்ததும் டேப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்.

பார் தனிக் கதை. ஏழு நூல் (எட்டில் ஏழு அங்குலம்) விட்டம், மூன்றேகால் அங்குல நீளம், ஒரு முனை உருண்டை, மறு முனையில் கட்டைவிரலுக்குக் குழிவு. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்தார். எடை கால் கிலோவை ஒட்டி வந்தது. முதலில் கொடுத்தது கண்ணுக்குப் பளபளத்தது, ஆனால் தடித்த தந்திகளில் வழுக்கினால் கிர்ரென்று இரைந்தது. லேத் உளி விட்ட மெல்லிய வளையங்கள் அதில் இருந்தன. ஆம்ப் இல்லாமல் அவர் காதுக்கருகில் வைத்து இழுத்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வாங்கிப் போய், உப்புத்தாளில் 400, 800, 1200 என்று ஏறி, பிறகு பஃபிங் போட்டுக் கொடுத்தார். இப்போது முகம் பார்க்கலாம். 850 ரூபாய். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவுக்கே அது காணாது.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். நான் வாசிப்பது கன்ட்ரி இல்லை, அதுதான் காரணம். ட்ரம்ஸ், பேஸ், இன்னும் இரண்டு கிடார் சேர்ந்து ஓடும் பாட்டில் பெடல் ஒரு மயிரிழை பிசகினால் யாருக்கும் தெரியாது. பின்னால் தம்புரா மட்டும் ஓடும்போது பிசகைப் பாருங்கள், பல் கூசும்.

அல்சூர் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிக்கிறேன். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தஞ்சாவூரில் எழுதிய காலத்திலிருந்து எங்கள் கீர்த்தனைகள் ராகத்தில்தான் நடக்கின்றன. பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். பெடல் ஸ்டீலின் வழக்கமான இ9 ட்யூனிங் இதற்கென்றே அமைந்ததோ என்று தோன்றும். இ தந்தியை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். எஃப் ஷார்ப் சதுஸ்ருதி ரிஷபம், ஜி ஷார்ப் அந்தர காந்தாரம், பி பஞ்சமம். முதல் பெடலை மிதித்தால் பி ஏறி சி ஷார்ப் ஆகும், அது சதுஸ்ருதி தைவதம். மோகனம் வந்துவிட்டது. இரண்டாவது பெடல் ஜி ஷார்ப்பை ஏ-க்கு ஏற்றும், சுத்த மத்யமம் கிடைக்கிறது. இரண்டாம் தந்தி டி ஷார்ப், காகலி நிஷாதம், ஆக சங்கராபரணம். ஒன்பதாம் தந்தி டி, கைசிகி நிஷாதம், ஆக ஹரிகாம்போஜி. பாரை எட்டாம் ஃப்ரெட் கோட்டில் வைத்தால் எல்லாம் ஒரு கட்டைக்கு, அதாவது ஸட்ஜம் சி-க்கு, வந்துவிடும்.

ஆனால் பெடலால் எல்லாம் நடக்காது. தோடி காந்தாரத்தை பெடலில் அசைத்தால் மோட்டார் வைத்து ஆட்டுவதாகக் கேட்கிறது, அது பாரில்தான் வர வேண்டும். பெடலின் அழகு பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு நிதானமாக ஏறுவதில் இருக்கிறது. அடியில் ஸட்ஜமும் காந்தாரமும் அசையாமல் நிற்க, மேலே ஒன்று மட்டும் நகரும். சித்திரவீணை கேட்டுப் பழகிய காதுக்கு வழுக்கல் புதிதில்லை, இந்த நிற்பதும் நகர்வதும்தான் புதிது. ஆட்டம் இருக்கும் கிராங்க்கில் இந்த ஏற்றம் பாதியில் எகிறும். பித்தளை புஷ்ஷுக்குப் பிறகு அது எகிறவே இல்லை.

சபையில் பெரியவர் ஒருவர், "கௌபாய் படத்துல வர்ற சாமானை ஏம்மா ஆலயத்துக்குள்ள கொண்டு வர்றே?" என்றார். அமெரிக்காவில் ஹவுஸ் ஆஃப் காட் என்ற கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபைகளில் 1930-களிலிருந்தே ஸ்டீல் கிடார்தான் ஆராதனையை நடத்துகிறது. வில்லி ஈசன் அதைப் பாடகரின் குரலாகவே பேச வைத்தார். பெடல் பிறகு வந்து சேர்ந்தது, ராபர்ட் ராண்டால்ஃப் அந்தச் சபையிலிருந்து கிளம்பி வந்தவர்தான். நைஜீரியாவில் கிங் சன்னி அடே தன் ஜூஜூ இசைக் குழுவில் பேசும் மத்தளங்களுக்கு நடுவே பெடல் ஸ்டீலை உட்கார வைத்தார். கனடா இசைக்கலைஞர் டேனியல் லான்வா 1983-ல் பிரையன் ஈனோவோடு சேர்ந்து நிலவுப் பயணம் பற்றிய படத்துக்கான இசையில் அதை மிதக்க விட்டார். சூசன் ஆல்கார்ன் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானையும் அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் பியாசோலாவையும் அதில் வாசித்தார். நம் நாட்டுக்கும் இந்த வாத்தியக் குடும்பம் பழைய உறவுதான். ஹவாய்க்காரர் டாவ் மோ 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தும் கற்றுக்கொடுத்தும் வந்தார், பிரிஜ் பூஷண் காப்ரா கிடாரை மடியில் போட்டு ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவருக்குப் பிடித்த கீர்த்தனையை வாசித்தேன். அதன் பிறகு கேள்வி இல்லை.

பட்டறைக்கு வருவோம். பணம் வாங்காமல் செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது தந்தி, .011 அங்குல கனம், பத்திலும் மெல்லியது, சுருதி அதிகமானதும் அதுதான். பெடல் ஸ்டீல் வைத்திருக்கும் எல்லோருக்கும் அறுவது அதுதான். எனக்கு அளவுக்கு மீறி அறுந்தது. அண்ணன் தந்தி வளைந்து இறங்கும் அந்த விரல் பாகத்தின் தலையை நகத்தால் தடவிப் பார்த்தார். தந்தி படிந்து படிந்து ஒரு வரி விழுந்து, ஓரத்தில் பிசிறு நின்றது. இரண்டு நிமிடம் தேய்த்து வழவழப்பாக்கினார். இப்போது தந்தி தாங்குகிறது. இசைக் கடையில் புதுத் தந்தி விற்றிருப்பார்கள்.

சரி, அந்த ஒரு நட்சத்திரம். முதல் காரணம் கிரீஸ். இழுவை விரல்கள் இருக்கும் இடம் முழுக்க யாரோ பையன் கிரீஸ் அப்பிவிட்டான். பம்ப்புக்கு அது நல்லது. இங்கே தூசியெல்லாம் ஒட்டி விரல் திரும்பி வராமல் மந்தமாகிவிடும். துடைத்து எடுக்க எனக்கு ஒரு ஞாயிறு மாலை போயிற்று. மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, நைலான் ட்யூனர்கள். முதல் முறை துளை பெரிதாகி ராடில் நிற்காமல் நழுவின. திரும்பச் செய்து கொடுத்தார், காசு கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு தடவை பீன்யா போவதென்றால் சும்மாவா? மூன்றாவது, தேதி. "நாளைக்கு" என்று அவர் சொன்னால் பம்ப் கம்பெனி ஆர்டர் முடிந்த மறுநாள் என்று அர்த்தம். போனை எடுக்கவும் மாட்டார்.

அவர் சொல்வது எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். பெடலை மிதித்தால் உடல் பலகை லேசாக வளைந்து மற்ற தந்திகள் இம்மியளவு இறங்கும். மலிவான மாடல்களில் அது சகஜம். அதைச் சொன்னதும் "அடியில ஒரு இரும்பு ஆங்கிள் அடிச்சிடலாம்மா, ஜென்மத்துக்கும் வளையாது" என்றார். வாஸ்தவம்தான், வளையாது. மூன்றாம் மாடிக்கு யார் தூக்குவது?

மொத்தம் 4,200 ரூபாய் ஆனது, பார், டேப் எல்லாம் சேர்த்து. கேட்டால் ஜிஎஸ்டி பில் தருகிறார், கேட்காவிட்டால் சிகரெட் அட்டையில் கணக்கு.

போகிறவர்கள் வாத்தியத்தைக் காலும் பெடலும் மாட்டும்படி முழுதாகக் கொண்டுபோங்கள். மிதித்துப் பார்க்காமல் அவர் எதையும் தொடமாட்டார். சனிக்கிழமை மாலை சம்பள நேரம், அன்று வேண்டாம். ஆயுத பூஜை வாரம் சுத்தமாக வேண்டாம், மெஷினெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வில் இருக்கும்.

அடுத்து ஐந்தாவது லீவர் ஒன்று கேட்டிருக்கிறேன். எஃப் ஷார்ப் தந்திகளை ஜி-க்கு ஏற்ற வேண்டும். அது வந்தால் சாதாரண காந்தாரம் பெடல் பக்கமே கிடைக்கும், கரஹரப்பிரியா கீர்த்தனைகளில் பாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். சாக்பீஸால் தரையிலேயே படம் போட்டுப் பார்த்துவிட்டு 1,500 ரூபாய் சொன்னார், ஒரு வாரம் வாத்தியம் தன்னிடமே இருக்க வேண்டும் என்றார். அவருடைய ஒரு வாரம் எவ்வளவு நீளம் என்று தெரியும் என்பதால், கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.